கார்டு காணவில்லை: டிரைவரா, போர்டா, புது லேப்டாப்பா?

“மாமா, போர்டு போய்விட்டதாம்” என்று அக்கா மகள் திருச்சியிலிருந்து போன் செய்தபோது இரவு பத்து மணி இருக்கும். கட்டடக்கலை நான்காம் ஆண்டு படிக்கிறாள். மூன்று நாளில் ஒப்படைக்க வேண்டிய வடிவமைப்பை நிஜக் கட்டடம் போன்ற படமாக மாற்ற, அதாவது ரெண்டர் செய்ய, உட்கார்ந்தவளிடம், தகுதியான கிராஃபிக்ஸ் கார்டு இல்லை என்று சொல்லி மென்பொருள் திறக்கவே மறுத்துவிட்டது. லேப்டாப் வாங்கிப் பதினான்கு மாதம்; வாரண்டி முடிந்து இரண்டு மாதம். விடுதிக்கு அருகிலிருந்த கடைக்கு எடுத்துப் போயிருக்கிறாள். அங்கே திறந்துகூடப் பார்க்காமல், கார்டு மதர்போர்டோடு ஒட்டியது, அந்தப் போர்டையே மாற்ற வேண்டும், ஒரு வாரம் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் போர்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அது பிறகு.

என் கதை நேர் எதிர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் என் பழைய லேப்டாப்பில் கார்டு வருவதும் மறைவதுமாக இருந்தது. விண்டோஸும் கார்டும் பேசிக்கொள்ள உதவும் மென்பொருளான டிரைவர்தான் காரணம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு மூன்று முறை விண்டோஸை அழித்து நிறுவினேன். ஒவ்வொரு முறையும் ஒரு சனிக்கிழமை போயிற்று. கணினி விழித்ததும் முதலில் ஓடும் மென்பொருளான பயாஸையும் மாற்றிப் பார்த்தேன். பழுது சிப்பிலேயே இருந்தது. அவள் விஷயத்தில் ஒரு சின்ன அமைப்பை வன்பொருள் பழுது என்றார்கள். என் விஷயத்தில் வன்பொருள் பழுதை நான் மென்பொருள் கோளாறு என்று நம்பினேன்.

கார்டு தெரியவில்லை என்ற ஒரே புகாருக்கு ஏழெட்டு வழிகள் சொல்லப்படுகின்றன. டிரைவரை மாற்று, டிரைவரை வேரோடு அழித்துவிட்டுப் போடு, பயாஸைப் புதுப்பி, விண்டோஸை மறுபடி நிறுவு, சிப்பைச் சூடாக்கு, போர்டை மாற்று, வெளியே ஒரு கார்டு வாங்கி இணை, புது லேப்டாப் வாங்கு. செலவு பூஜ்யத்தில் தொடங்கி அறுபது எழுபதாயிரம் வரை போகிறது. எது நல்லது என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது. கார்டுக்கு இன்னும் மூச்சு இருக்கிறதா என்று தெரிந்த பிறகுதான் இவற்றை ஒப்பிடவே முடியும். பெரும்பாலானவர்கள், என்னையும் சேர்த்து, அதைப் பார்க்காமலேயே ஒரு வழியில் இறங்கிவிடுகிறோம்.

இரண்டு சிப், ஒரு திரை

இன்றைய லேப்டாப்புகளில் பெரும்பாலும் இரண்டு கிராஃபிக்ஸ் சிப் இருக்கும். ஒன்று பிராசஸருக்குள்ளேயே இருப்பது. இன்டெல் அல்லது ஏஎம்டி. இன்னொன்று என்விடியாவோ ஏஎம்டியோ தரும் தனிச் சிப். கார்டு என்று பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, கழற்றி மாட்டும் கார்டு எதுவும் அங்கே கிடையாது. போர்டில் பற்றவைத்த சிப், சுற்றிலும் அதற்கான நினைவகச் சிப்புகள், அவ்வளவுதான். எம்எக்ஸ்எம் என்ற கழற்றக்கூடிய வகை சில பழைய கேமிங் மற்றும் வொர்க்ஸ்டேஷன் லேப்டாப்புகளில் வந்தது. உங்களுடையது அதுவாக இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

2010 பிப்ரவரியில் என்விடியா ஆப்டிமஸ் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. தனிச் சிப் படத்தை வரைந்து, பிராசஸரில் இருக்கும் சிப்பின் நினைவகத்துக்கு நகலெடுத்துக் கொடுக்கும். திரைக்கு அனுப்புவது அந்த உள்சிப்தான். வேலை இல்லாதபோது தனிச் சிப் மின்சாரத்தை விட்டுத் தூங்கிவிடும். பேட்டரி நீடிப்பது இதனால்தான். குழப்பம் வருவதும் இதனால்தான், ஏனென்றால் திரையைப் பார்த்துத் தனிச் சிப்பின் உடல்நிலையைச் சொல்ல முடியாது. அது முழுதாகச் செத்திருந்தாலும் விண்டோஸ் பளிச்சென்று திறக்கும், யூடியூப் ஓடும். திரையில் கோடுகோடாக வருகிறது, கார்டு போய்விட்டது என்று சில கடைகளில் சொல்வார்கள். ஆப்டிமஸ் லேப்டாப்பில், பயாஸ் திரையிலேயே கோடு விழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது திரைக்குப் போகும் கேபிளையும் பேனலையும்தான். தனிச் சிப் அந்தப் பாதையிலேயே இல்லை.

மக்ஸ் ஸ்விட்ச் உள்ள கேமிங் லேப்டாப்புகள் இதற்கு விலக்கு. அவற்றில் தனிச் சிப்பைத் திரையோடு நேரடியாக இணைக்க முடியும்.

மூச்சு இருக்கிறதா?

அக்கா மகளிடம் முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொன்னேன். 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அதில் ஜிபியு, அதாவது கிராஃபிக்ஸ் சிப், தனியாகத் தெரிகிறது. அவளுக்கு ஜிபியு 0 மட்டும் இருந்தது, ஜிபியு 1 இல்லை. பிறகு டிவைஸ் மேனேஜர். டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதன் கீழே இன்டெல் மட்டும். கடைக்காரரும் இதுவரைதான் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். மேலே வியூ மெனுவில் மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டு என்று ஒரு வரி இருக்கிறது. அதை அழுத்தியதும், வெளிறிய எழுத்தில் தனிச் சிப்பின் பெயர் வந்தது. அதன் நிலையைத் திறந்தால் பிழை எண் 45: இந்தச் சாதனம் இப்போது கணினியோடு இணைக்கப்படவில்லை.

டிவைஸ் மேனேஜரின் பிழை எண்ணைப் பலர் படிப்பதில்லை. மஞ்சள் முக்கோணத்தோடு நின்றுவிடுகிறார்கள். எண்தான் விஷயம். 22 என்றால் யாரோ அதை டிசேபிள் செய்திருக்கிறார்கள். 28 என்றால் டிரைவரே இல்லை. 52 என்றால் டிரைவரின் கையொப்பம் செல்லவில்லை. இவை மூன்றும் கைக்குள் அடங்குபவை, காசு கேட்காதவை. 43தான் வில்லங்கம். சாதனம் தானே பிரச்சினை சொன்னதால் நிறுத்தினேன் என்கிறது விண்டோஸ். அந்தப் பிரச்சினை குழம்பிய டிரைவராகவும் இருக்கலாம், விரிசல் விட்ட சிப்பாகவும் இருக்கலாம். மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று மட்டும் இருந்தால், சரியான டிரைவர் கிடைக்காமல் விண்டோஸ் தன் ஸ்டெப்னியைப் போட்டு ஓட்டுகிறது என்று பொருள். இந்த நிலையில் கார்டின் பெயர் தெரியாவிட்டாலும், டீடெயில்ஸ் பக்கத்தில் ஹார்டுவேர் ஐடி இருக்கும். அதில் தயாரிப்பாளர் எண் 8086 என்றால் இன்டெல், 1002 என்றால் ஏஎம்டி, 10டிஇ என்றால் என்விடியா. அந்த எண் தெரிகிறது என்றாலே சிப் பதில் சொல்கிறது என்றுதான் அர்த்தம்.

45க்கு வருவோம். இணைக்கப்படவில்லை என்றால் யார் கழற்றியது? “நேற்று சார்ஜர் இல்லாமல் வகுப்பில் இருந்தேன், பேட்டரி சேமிக்க ஏதோ மாற்றினேன்” என்றாள். இன்றைய கேமிங் லேப்டாப்புகளில் தயாரிப்பாளரின் கட்டுப்பாட்டுச் செயலி ஒன்று கூடவே வருகிறது. அசுஸ் அதில் ஈகோ மோட் என்கிறது; லெனோவோவில் ஹைப்ரிட்-ஐஜிபியு ஒன்லி என்று பெயர். எந்தப் பெயரில் இருந்தாலும் அந்தப் பொத்தான் தனிச் சிப்பைத் தூங்கவைப்பதோடு நிற்காது, கணினியிலிருந்தே துண்டித்துவிடும். பல மாடல்களில் எச்டிஎம்ஐ துளையும் தனிச் சிப்போடு இணைந்திருப்பதால் அதுவும் சேர்ந்து போகும். “வெளி மானிட்டரும் வரவில்லையா?” என்று கேட்டேன். “ஆமாம், அது கேபிள் பிரச்சினை என்று நினைத்தேன்” என்றாள். பழைய நிலைக்கு மாற்றி, ரீஸ்டார்ட் செய்ததும் ஜிபியு 1 வந்துவிட்டது. இருபது நிமிடம். அதில் பத்து நிமிடம் அந்தச் செயலி தன்னைப் புதுப்பித்துக்கொண்டது.

அமைப்பு சரியாக இருந்தும் கார்டு வரவில்லை என்றால், அடுத்தது மின்சாரத்தை வடிப்பது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து ஷட் டவுன் என்பது முழு ஷட் டவுன் இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் உள்ளிருக்கும் நிலையை வட்டில் எழுதிவைத்துக்கொண்டு படுக்கிறது. காலையில் அதே குழப்பத்தோடு எழுகிறது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றி, பவர் பொத்தானை முப்பது விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். மாந்திரீகம் போலத் தெரியும். போர்டில் மின்சாரத்தை மேய்க்கும் சிறு கட்டுப்பாட்டுச் சிப் பழைய நிலையிலேயே சிக்கியிருந்தால், அதை மறக்கவைக்கும் வழி இதுதான்.

யுஎஸ்பியா, விண்டோஸை அழிப்பதா?

இங்கேதான் என் மூன்று சனிக்கிழமைகள் போயின. டிரைவர் சரியில்லையோ என்ற சந்தேகத்தைத் தீர்க்க விண்டோஸையே அழித்துப் போடுவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதுதான். அரை நாள் போகும். மென்பொருள்களின் உரிமங்கள், அச்சுப்பொறி, சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் மறுபடி. அத்தனைக்கும் பிறகு கார்டு வராவிட்டால், டிரைவர் தவறா சிப் தவறா என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

அதற்குப் பதில் ஒரு 8 ஜிபி பென் டிரைவ் போதும். உபுண்டு என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தை அதில் ஏற்றி, நிறுவாமல் சும்மா சோதித்துப் பார் என்ற வழியில் திறக்க வேண்டும். உங்கள் விண்டோஸைத் தொடாது. டெர்மினல் என்ற கட்டளைத் திரையில் எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து எழுத்துகளை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டினால், போர்டின் பிசிஐ பாதையில் இருக்கும் எல்லாச் சாதனங்களும் வரிசையாக வரும். இதற்கு எந்த கிராஃபிக்ஸ் டிரைவரும் தேவையில்லை. ஹாஜர் எடுப்பது போல. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கை தூக்குகிறதா என்பதுதான் கேள்வி. தனிச் சிப் பட்டியலில் இருந்தால் கோளாறு பெரும்பாலும் விண்டோஸ் பக்கம். இல்லாவிட்டால் எந்த டிரைவரும் அதைக் கொண்டுவராது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை உண்டு: பெயர் இருக்கும், ஆனால் வரியின் கடைசியில் ரெவ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இரண்டு எஃப் நிற்கும். பெயர்ப்பலகை இருக்கிறது, ஆள் பேசவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். என் பழைய லேப்டாப் சூடான பிறகு இப்படித்தான் காட்டியது. குளிர்ந்த காலையில் ஒழுங்காக இருக்கும். அரை மணி நேரம் கழித்து இரண்டு எஃப். டிரைவருக்கு வெயிலும் குளிரும் தெரியாது.

இரண்டு எச்சரிக்கை. ஈகோ மோட் போட்டுத் துண்டித்திருந்தால் லினக்ஸிலும் சிப் தெரியாது. ஆகவே அமைப்புகளைச் சரிபார்த்த பிறகே இந்தச் சோதனை. இரண்டாவது இன்னும் முக்கியம். விண்டோஸ் 11 லேப்டாப் பலவற்றில் வட்டு தானாகவே பிட்லாக்கர் குறியாக்கத்தில் இருக்கிறது. பயாஸில் கைவைத்தாலோ போர்டை மாற்றினாலோ 48 இலக்க மீட்புச் சாவியை அது கேட்கக்கூடும். சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்து, தாளில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு தொடங்குங்கள். கார்டைத் தேடப்போய் நான்கு வருட வேலையைத் தொலைத்த ஒருவரை எனக்குத் தெரியும்.

டிரைவர் எங்கிருந்து?

சிப் கை தூக்கிவிட்டது என்றால் மூன்று கடைகள் முன்னால் இருக்கின்றன. விண்டோஸ் அப்டேட், லேப்டாப் தயாரிப்பாளரின் தளம், சிப் தயாரிப்பாளரின் தளம்.

விண்டோஸ் அப்டேட் தானாக வந்து தானாகப் போடும். வேலை செய்கிற வரை நல்லது. ஆனால் நீங்கள் யோசித்துப் போட்ட டிரைவரின் மேல் தன்னுடையதைப் போட்டுவிட்டுப் போகும் பழக்கம் அதற்கு உண்டு. நேற்று வரை இருந்தது, இன்று காலை இல்லை என்ற புகாரில் நான் முதலில் பார்ப்பது அப்டேட் வரலாற்றைத்தான். அப்படி என்றால் டிவைஸ் மேனேஜரில் ரோல் பேக் டிரைவர் என்ற பொத்தானே போதும். ஐந்து நிமிடத்து வேலை.

சிப் தயாரிப்பாளரின் தளத்தில் இருப்பதுதான் புத்தம்புதியது. புது விளையாட்டுகளுக்கும் ரெண்டர் மென்பொருள்களுக்கும் அது வேண்டும். ஆனால் லேப்டாப்பில் அது சில நேரம், பொருந்தும் கிராஃபிக்ஸ் வன்பொருள் எதுவும் இல்லை என்று சொல்லி நின்றுவிடும். உடனே கார்டு செத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஒரே சிப்பை வாங்கும் ஒவ்வொரு லேப்டாப் நிறுவனமும் அதற்குத் தன் துணை அடையாள எண்ணைத் தருகிறது. டிரைவரோடு வரும் பட்டியல் கோப்பில் அந்த எண் இல்லாவிட்டால் நிறுவி கைவிரித்துவிடும். அந்தக் கோப்பைத் திருத்தி எண்ணைச் சேர்க்கும் வித்தை ஒன்று உலவுகிறது. திருத்தினால் டிரைவரின் கையொப்பம் உடையும். உடைந்ததை ஏற்க விண்டோஸின் பாதுகாப்பைத் தளர்த்த வேண்டும். எனக்கு அதில் சம்மதமில்லை.

லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் இருப்பது பழையதாக இருக்கும். சில மாடல்களுக்கு வாங்கிய வருடத்தோடு நின்றுபோயிருக்கும். ஆனாலும் காணாமல்போன கார்டை மீட்பதுதான் நோக்கம் என்றால் என் ஓட்டு அதற்குத்தான். அந்தப் போர்டில், அந்த மின்சார ஏற்பாட்டில் சோதித்துப் போட்டது. முதலில் அதைப் போட்டு கார்டை வரவழையுங்கள்; வந்த பிறகு சிப் தயாரிப்பாளரின் புதியதுக்குப் போகலாம். வரிசையும் முக்கியம்: முதலில் போர்டின் மற்றச் சிப்புகளுக்கான சிப்செட் டிரைவர், பிறகு உள்சிப்பின் டிரைவர், கடைசியில் தனிச் சிப். தனிச் சிப் வரைந்ததைத் திரைக்குக் கொண்டுபோவது உள்சிப் என்பதால், இன்டெல் டிரைவர் இல்லாத ஆப்டிமஸ் என்பது ஓட்டுநர் இருந்தும் சாலை இல்லாத ஊர்.

பழைய சிப் வைத்திருப்பவர்கள் ஒரு விஷயத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். லேப்டாப்பில் வந்த கெப்ளர் தலைமுறைச் சிப்புகளுக்குப் புது டிரைவர் தருவதை என்விடியா 2019 ஏப்ரலில் நிறுத்தியது. 2014இல் வந்த மேக்ஸ்வெல், 2016இல் வந்த பாஸ்கல் இரண்டுக்கும் 2025 அக்டோபரோடு வழக்கமான டிரைவர் முடிந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை. நம் ஊர் மாணவர்கள் ஏராளமாக வாங்கிய ஜிடிஎக்ஸ் 1050, எம்எக்ஸ் 150, 250, 330, 350 எல்லாமே பாஸ்கல்தான். ஏஎம்டியும் 2021 ஜூனில் தன் பழைய தலைமுறைகள் பலவற்றைப் பரணில் ஏற்றிவிட்டது. இந்தச் சிப்புகளுக்குப் புதிய டிரைவரைத் தேடி அலைவதைவிட, அவற்றுக்கான கடைசிப் பதிப்பைத் தேடி எடுத்துப் பத்திரப்படுத்துவது புத்திசாலித்தனம்.

சாதாரணமாக அன்இன்ஸ்டால் செய்து போட்டும் 43 போகவில்லை என்றால், டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவசக் கருவி இருக்கிறது. மீதமிருக்கும் கோப்புகளையும் ரெஜிஸ்ட்ரி பதிவுகளையும் துடைத்து எடுக்கும். இணையத்தைத் துண்டித்துவிட்டு, விண்டோஸ் அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் திறக்கும் சேஃப் மோடில் ஓட்ட வேண்டும். துண்டிக்காவிட்டால் நீங்கள் துடைத்து முடிப்பதற்குள் விண்டோஸ் அப்டேட் பின்வாசல் வழியாக ஒரு டிரைவரைக் கொண்டுவந்து வைத்துவிடும். விண்டோஸை மறுபடி நிறுவுவதால் கிடைக்கும் பலனில் பெரும்பங்கு இதிலேயே, ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிடுகிறது. இதையும் செய்து, லினக்ஸிலும் கார்டு நிலையாகத் தெரிந்து, விண்டோஸில் மட்டும் வரவில்லை என்றால், அப்போது விண்டோஸை அழித்துப் போடுங்கள். அதுவரை வேண்டாம்.

பயாஸ் புதுப்பிப்பை நான் கடைசிக்குத் தள்ளுவேன். கார்டு மறைவதைச் சரிசெய்தோம் என்று தயாரிப்பாளரே பயாஸ் குறிப்பில் எழுதியிருந்தால் மட்டும் முன்னால் கொண்டுவரலாம். நடுவில் மின்சாரம் போனால் போர்டே கல்லாகிவிடும். லேப்டாப்புக்குத்தான் பேட்டரி இருக்கிறதே என்பீர்கள். ஐந்து வருடப் பேட்டரி, மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை, இரண்டும் ஒரே காலையில் சந்தித்தால் என்னாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சிப்பே போய்விட்டால்

இனி காசு விஷயம். சென்னை ரிச்சி தெருவில் ஒரு சுற்று வந்தால் சிப் லெவல் சர்வீஸ் என்ற பலகைகள் கண்ணில் படும். திறமைசாலிகள் இருக்கிறார்கள், ஒரு பொட்டளவு மின்தேக்கியைக் கண்டுபிடித்து மாற்றி, செத்த போர்டை எழுப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். மின்சாரம் வரும் பாதையில் பழுது என்றால் அவர்களை விட்டால் ஆளில்லை. ஆனால் கிராஃபிக்ஸ் சிப்பே பழுது என்றால் என்ன செய்வார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுங்கள்.

ரிஃப்ளோ என்பது சிப்பைச் சூடாக்குவது. என் லேப்டாப்புக்கு நடந்ததும் இதுதான். போர்டைக் கழற்றி ஒரு மேசையில் வைத்து, சிப்பைச் சுற்றி அலுமினியத் தாள் சுற்றி, மேலிருந்து ஹீட் கன்னைக் காட்டினார் அந்த இளைஞர். பிசின் கருகும் வாசம். பத்து நிமிடம் ஆறவிட்டு மாட்டினால், கார்டு வந்துவிட்டது! கைகுலுக்கிக் காசு கொடுத்துவிட்டு வந்தேன். ஏழு வாரம் ஓடியது.

ஏன் ஏழு வாரம்? சிப் என்று நாம் பார்க்கும் சதுரத்தில் இரண்டு அடுக்கு ஈயப்பற்று இருக்கிறது. நடுவில் பளபளக்கும் சிலிக்கான் தன் அடித்தட்டோடு மிகச் சிறு மணிகளால் ஒட்டப்பட்டிருக்கும். அந்தத் தட்டு, போர்டோடு சற்றுப் பெரிய மணிகளால் ஒட்டியிருக்கும். ஆயிரக்கணக்கான முறை சூடாகி ஆறும்போது பெரும்பாலும் விரிசல் விடுவது உள்ளே இருக்கும் சிறு மணிகள். ஹீட் கன் சூட்டில் எல்லாம் விரிந்து, விட்டுப்போன முனைகள் தற்காலிகமாகத் தொட்டுக்கொள்கின்றன. ஒட்டவில்லை, தொடுகின்றன. ரீபாலிங் என்று இன்னும் கூடுதலாகக் கேட்பார்கள். சிப்பைத் தூக்கி, அடியில் இருக்கும் பெரிய மணிகளைப் புதிதாகப் போடுவது. வெளிமணியில் பழுது இருந்தால் அது சரியான மருந்து. உள்மணியில் பழுது என்றால் பல்வலிக்கு முகச்சவரம் செய்ததுதான்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின்னணுப் பொருள்களில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 183 டிகிரியில் உருகிய பழைய ஈயக் கலவைக்குப் பதில் 217 டிகிரி வாக்கில் உருகும், வளைந்து கொடுக்காத கலவைகள் வந்தன; பொருள் சேர்க்கைகளை எல்லாரும் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. 2008 ஜூலையில் என்விடியாவே, தன் முந்தைய தலைமுறை லேப்டாப் சிப்புகளில் சிப்பைப் பொதியும் பொருள் பலவீனமாக இருந்ததாகச் சொல்லி, பழுதுச் செலவுக்காக 150 முதல் 200 மில்லியன் டாலர் வரை ஒதுக்கியது. 2011 மேக்புக் ப்ரோவில் இருந்த ஏஎம்டி சிப்புகளுக்காக ஆப்பிள் 2015 பிப்ரவரியில் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் அறிவித்தது. அவ்வளவு பெரிய நிறுவனங்கள் ஹீட் கன்னால் தீர்க்க முடியாததை ரிச்சி தெரு மேசையில் தீர்த்துவிடலாம் என்று நம்பியது என் பிழை.

சிப்பையே மாற்றுவது நேர்மையான வழி. அது புதுச் சிப்பா, வேறொரு செத்த போர்டிலிருந்து பெயர்த்ததா என்பதில் இருக்கிறது எல்லாம். மூன்று மாத உத்தரவாதத்தை எழுத்தில் தருகிறார்களா என்று கேளுங்கள்; ஒரு மாதத்துக்கு மேல் தரத் தயங்கினால் என்ன செய்யப்போகிறார்கள் என்று புரிந்துவிடும்.

அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டரில் சிப் என்ற பேச்சே இருக்காது, போர்டு முழுசாக. பிராசஸரும் அதிலேயே, பல மாடல்களில் ராமும் அதிலேயே. வாரண்டிக்குள் என்றால் யோசிக்காமல் அங்கே போங்கள், வெளிக்கடையில் ஒரு திருகைக்கூடத் திறக்கவிடாதீர்கள். வாரண்டி முடிந்தபின் அந்தத் தொகையைக் கேட்டால், புது லேப்டாப்பின் பாதி விலையைத் தாண்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். தாண்டினால் வேண்டாம், அது பழைய உடம்புக்குப் புது இதயம், மற்ற உறுப்புகளுக்கெல்லாம் அதே வயதுதான்.

கார்டு இல்லாமலே

யாரும் சொல்லாத வழி இது, ஏனென்றால் இதில் யாருக்கும் காசு இல்லை. அந்தக் கார்டு உங்களுக்கு எதற்கு? பில் போடுவதற்கும் பாடம் நடத்துவதற்கும் படம் பார்ப்பதற்கும் லேப்டாப் வைத்திருப்பவருக்குத் தனிச் சிப் செத்ததே சில நேரம் தெரியாது. இன்டெல்லின் உள்சிப்கள் 2011 முதலே வீடியோவைத் தாங்களாகவே கையாள்கின்றன. எம்எக்ஸ் வகைச் சிப்களுக்கும் இன்றைய நல்ல உள்சிப்களுக்கும் பெரிய தூரம் கிடையாது. என்விடியாவின் குடா என்ற கணக்கீட்டு முறை தேவைப்படும் மென்பொருள், ரெண்டரிங், பெரிய விளையாட்டுகள், இவற்றுக்குத்தான் தனிச் சிப் இல்லாமல் முடியாது. அக்கா மகளுக்கு முடியாது. அவளுக்கு இந்த வழியை நான் சொல்லியிருக்கவே மாட்டேன்.

வெளிக்கார்டு ஒன்று இருக்கிறது. தண்டர்போல்ட் 3 அல்லது அதற்கு மேல் உள்ள துளை வேண்டும், தனிப் பெட்டி வேண்டும், அதற்கு மின்சப்ளை, அதற்குள் ஒரு டெஸ்க்டாப் கார்டு. 40 ஜிகாபிட் பாதையில் அந்தக் கார்டின் முழுவேகமும் வராது. தனிச் சிப் செத்த பழைய கேமிங் லேப்டாப்புகளில் அந்தத் துளையே பெரும்பாலும் இருக்காது. அத்தனை காசுக்கு ஒரு சாதாரண டெஸ்க்டாப் வாங்கிவிடலாம். வாங்கிவிடுங்கள்.

என் பழைய லேப்டாப் ரிஃப்ளோ விட்டுப்போன பிறகு அம்மாவிடம் போயிற்று. பயாஸில் தனிச் சிப்பை அணைக்கும் வசதி அந்த மாடலில் இல்லாததால் டிவைஸ் மேனேஜரில்தான் டிசேபிள் செய்தேன். அதில் ஒரு குறை உண்டு. சிப்பைத் தூங்கவைப்பது டிரைவரின் வேலை. டிசேபிள் செய்தால் தூங்கவைக்க ஆளில்லாமல் அது மின்சாரம் குடித்துக்கொண்டே சும்மா இருக்கக்கூடும். அடிப்பக்கம் இளஞ்சூடாகத்தான் இருக்கிறது. எப்போதும் சார்ஜரிலேயே இருப்பதால் பேட்டரியைப் பற்றிக் கவலையில்லை.

அவ்வப்போது விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு, செத்த கார்டுக்கு ஆசையாக ஒரு டிரைவரைப் போட்டு எழுப்பிவிடும். திரை உறையும். “தம்பி, சீரியல் நின்றுவிட்டது” என்று அம்மா போன் செய்வாள். சேஃப் மோடில் திறந்து, வலது கிளிக், டிசேபிள். போனிலேயே சொல்லிச் செய்யவைக்கிறேன். போன தடவை நான் சொல்லி முடிப்பதற்குள் அவளே முடித்துவிட்டாள்.